கர்ல் டாக்குமென்டேஷன் ரிவ்யூ: ஓப்பன் சோர்ஸ்ல டாக்ஸ் எழுதறவங்க ஒரு தடவை பாத்துடுங்க

டெர்மினல்ல ஒரு ஏபிஐ (ப்ரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற வழி) வேலை செய்யுதான்னு பாக்கணும்னா கை தானா கர்ல்னுதான் அடிக்கும். யூஆர்எல் குடுத்து டேட்டாவை அனுப்ப, வாங்க யூஸ் ஆகற கமாண்ட் லைன் டூல் அது. டூலைப் பத்தி நெறைய பேர் எழுதியாச்சு, ஆனா அதோட டாக்ஸை உக்காந்து படிச்சவங்க கம்மி, எங்கேயோ இருந்து ஒரு கமாண்டை காப்பி பண்ணி ஒட்டிட்டு போயிடறோம். அதனால இந்த ரிவ்யூ டாக்ஸுக்கு மட்டும், ப்ராஜெக்டைத் திறந்ததும் முதல்ல தெரியற அறிமுக ஃபைலான ரீட்மீக்கும் சேத்து. ஒரு ரிப்போவை (ப்ராஜெக்டோட கோடும் டாக்ஸும் இருக்கற இடம்) வச்சிருக்கறவங்க, இல்ல டாக்ஸ்ல ஏதாவது பங்களிக்கணும்னு நினைக்கறவங்க, ரெண்டு பேருக்குமே இது யூஸ் ஆகும்.

1998 மார்ச்ல ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் முதல் வெர்ஷனை விட்டாரு. இன்னிக்கு 250க்கும் மேல ஆப்ஷன் (கமாண்ட் எப்படி நடக்கணும்னு கூடச் சேத்து அடிக்கறது) இருக்கு. அவ்ளோ ஆப்ஷன் உள்ள ஒரு டூலோட டாக்ஸ் பழசாகாம இருக்குன்னா அது யாரோ ஒருத்தர் நல்லா எழுதறதால மட்டும் வராது, எழுதலன்னா வேலை நின்னுடும்ங்கற மாதிரி அமைச்சு வச்சிருக்காங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அதுதான்.

ரிப்போவுக்குள்ள டாக்ஸ் ஃபோல்டர்ல ஆப்ஷன்களுக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர், அதுல ஒரு ஆப்ஷனுக்கு ஒரு ஃபைல். ஃபைலோட தலையில சில தகவல் கட்டாயமா இருக்கணும்: இந்த ஆப்ஷன் எந்த வெர்ஷன்ல வந்துச்சு, ஒரே கமாண்ட்ல ரெண்டு தடவை குடுத்தா என்ன ஆகும், இதோட சம்பந்தப்பட்ட மத்த ஆப்ஷன் எது, அப்புறம் ஒரு உதாரணம். கீழே விளக்கம். பில்ட் பண்ணும்போது இது எல்லாம் சேந்து ஒரே மேன் பேஜா (டெர்மினல்லயே படிக்கற கையேடு) வருது, ஹெல்ப் அடிச்சா வர்ற ஒரு வரி விளக்கமும் அதே ஃபைல்ல இருந்துதான் எடுக்குறாங்க, அதனால ஹெல்ப் ஒண்ணு சொல்லி மேன் பேஜ் வேற ஒண்ணு சொல்ற பிரச்சனைக்கே இடம் இல்ல. ரெண்டு தடவை குடுத்தா என்ன ஆகும்ங்கற அந்த ஒரு வரியை மட்டும் பாருங்க, எத்தனை ப்ராஜெக்ட்ல இதை யோசிச்சு எழுதியிருக்காங்க? ஹெடரை (ரிக்வெஸ்ட்டோட போற கூடுதல் தகவல்) திரும்ப குடுத்தா முன்னாடி குடுத்ததோட சேரும், டைம்அவுட்டை திரும்ப குடுத்தா கடைசியா குடுத்ததுதான் எடுத்துக்கும், இது தெரியாம ஸ்கிரிப்ட் எழுதினா மணிக்கணக்கா தேட வேண்டியதுதான்.

கர்லுக்கு லிப்கர்ல்னு ஒரு லைப்ரரியும் உண்டு, மத்த ப்ரோகிராம்கள் உள்ள சேத்துக்கறது. முன்னாடி அதோட மேன் பேஜ் எல்லாம் என்ராஃப்ங்கற பழைய ஃபார்மட்ல இருந்துச்சு, புள்ளி வச்சு புள்ளி வச்சு எழுதணும், புதுசா வர்றவங்க பாத்தாலே ஓடிடுவாங்க. 2024 ஆரம்பத்துல மார்க்டவுன் (சாதாரண டெக்ஸ்ட்லயே எளிமையா எழுதற முறை) மாதிரியே இருக்கற ஒரு ஃபார்மட்டுக்கு மாத்துனாங்க, கர்ல்டவுன்னு பேர். இப்ப கிட்ஹப்லயே ஃபைலைத் திறந்து ஒரு வாக்கியத்தைத் திருத்தி பிஆர் (இந்த மாற்றத்தைச் சேத்துக்கோங்கன்னு அனுப்பற புல் ரிக்வெஸ்ட்) போட்டுடலாம்.

அதுக்கு மேல செக்கிங். லைப்ரரில புதுசா ஒரு ஆப்ஷனைச் சேத்துட்டு மேன் பேஜ் எழுதாம விட்டா டெஸ்ட் ஃபெயில் ஆகும், கோடு எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி. லைப்ரரி மேன் பேஜ்ல இருக்கற சி லாங்குவேஜ் உதாரணங்களை எடுத்து கம்பைல் பண்ணிப் பாக்கறாங்க. ஸ்பெல்லிங், செத்துப்போன லிங்க் எல்லாத்துக்கும் தனித்தனி செக். காப்பி பண்ணி ஒட்டின உதாரணம் கம்பைல் கூட ஆகாம கடுப்பானவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

உள்ள எழுதியிருக்கறதும் நேர்மையா இருக்கு. டேட்டா அனுப்பற மைனஸ் டி ஆப்ஷனைப் போட்டு ஃபைல்ல இருந்து டேட்டா அனுப்பினா நியூலைன் (வரி முடிவு) எல்லாம் காணாம போயிடும், அப்படியே போகணும்னா டேட்டா பைனரின்னு இன்னொரு ஆப்ஷன் இருக்குன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. எந்த மெத்தட்ல ரிக்வெஸ்ட் போகணும்னு சொல்ற மைனஸ் எக்ஸ் போஸ்ட்டுன்னு எல்லாரும் பழக்கதோஷத்துல போடறோம்ல, அது பொதுவா தேவையே இல்ல, ரீடைரக்ட்டைப் பின்தொடரச் சொல்ற மைனஸ் எல்லோட சேத்துப் போட்டா ரீடைரக்ட் ஆன இடத்துக்கும் அதே மெத்தடே போகும், நீங்க நினைக்காத விளைவு வரலாம்னு எச்சரிக்கையும் இருக்கு. தெரிஞ்ச பக்ஸை எல்லாம் ஒரு ஃபைல்ல அவங்களே லிஸ்ட் போட்டு வச்சிருக்காங்க. நம்ம ஊர் கம்பெனி ப்ராஜெக்ட்கள்ல இதை யாராவது வெளிய எழுதி வைக்க விடுவாங்களா தெரியல.

2020 அக்டோபர்ல 7.73.0 வெர்ஷன் வர்ற வரைக்கும் ஹெல்ப் அடிச்சா அத்தனை ஆப்ஷனும் கொட்டும், ஸ்கிரீனே நிரம்பிடும். அதுக்கப்புறம் முக்கியமானது மட்டும் வருது, மீதிய கேட்டகரி வாரியா கேட்டுக்கலாம். நல்ல மாற்றம்.

இனி குறைகளுக்கு வரேன். மேன் பேஜ்ல ஆப்ஷன் எல்லாம் அகரவரிசைல இருக்கு, பேர் தெரிஞ்சவனுக்கு ஓகே, ஜேசன் (JSON) ஃபார்மட்ல டேட்டா அனுப்பணும்னு மட்டும் தெரிஞ்சு வர்ற புதுப் பையனுக்கு டேட்டா, டேட்டா ரா, டேட்டா பைனரி, ஃபார்ம், ஜேசன் இதுல எது வேணும்னு அங்க கண்டுபிடிக்கறது கஷ்டம். எவ்ரிதிங் கர்ல்னு ஒரு ஃப்ரீ புக் அவங்களே எழுதியிருக்காங்க, அது அந்தக் குறையைத் தீக்குது, ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது.

ரீட்மீல எனக்கு மனக்குறை உண்டு. சின்னதா, சுத்தமா இருக்கு, இது என்ன, எந்தெந்த புரோட்டோகால், மேன் பேஜ் எங்க, இன்ஸ்டால் எப்படி, செக்யூரிட்டி பிரச்சனைன்னா யாருக்கு சொல்லணும்னு கரெக்டா வழி காட்டுது. ஆனா கர்லை ஓட்டிக் காட்டுற ஒரு கமாண்ட் கூட இல்லைங்க! மூணு வரி போதும், ஒரு பேஜ் எடுக்க, ஃபைலா சேவ் பண்ண, ஜேசன் அனுப்ப. ஜேசனுக்குன்னே 2022ல 7.82.0ல தனி ஆப்ஷன் வந்துடுச்சு, அதை முதல் பக்கத்துலயே காட்டினா என்ன?

டாக்ஸ்ல பங்களிக்க நினைக்கற காலேஜ் பசங்களுக்கும் இதே ரிப்போவைத்தான் சொல்வேன். அக்டோபர்ல ஓப்பன் சோர்ஸுக்கு பிஆர் போட்டா டிஷர்ட் குடுத்த ஹேக்டோபர்ஃபெஸ்ட்ல, 2020ல பல பேர் அந்த டிஷர்ட்டுக்காக ரீட்மீல ஒரு வார்த்தை சேத்து பிஆர் மேல பிஆர் போட்டு ப்ராஜெக்டைப் பாத்துக்கற மெயின்டெய்னர்களை நோகடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் ப்ராஜெக்ட் சம்மதிச்சாதான் கணக்குல வரும்னு நடத்தறவங்க விதியையே மாத்துனாங்க. ரீட்மீயைத் தொட வேண்டாம்னு சொல்லல, படிச்சிட்டு தொடுங்க. நீங்க தினமும் யூஸ் பண்ற ஆப்ஷனோட ஃபைலைத் திறங்க, அதுல இருக்கற உதாரணத்தை உங்க மெஷின்ல ஓட்டுங்க, விளக்கம் சொன்னதும் நடந்ததும் வேற வேறயா இருந்தா எது எப்படி மாறுதுன்னு எழுதி ஒரே ஒரு விஷயத்துக்கு ஒரு பிஆர் போடுங்க. கோடு எழுதாதவங்க பேரும் கர்லோட தேங்க்ஸ் லிஸ்ட்ல வருது, அந்த லிஸ்ட் 3,000 பேரைத் தாண்டிடுச்சு.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். ரீட்மீல அந்த மூணு கமாண்ட் வந்துச்சுன்னா மீதி அரையும் சேத்துக்கலாம்.