ரயில் பாதையா, உபின் தீவா?

வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லப் போட்ட பழைய மலைச்சாலைகளில் சைக்கிள் ஓட்டும் ஆசைக்கு சிங்கப்பூரில் எங்கே போவது? இங்கே உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தொடாது. சரளைப் பாதை வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இரண்டு இடம்.

பழைய கேடிஎம் (மலேசிய ரயில்வே) ரயில் பாதை 24 கிலோமீட்டர்; 2011-இல் ரயில் ஓட்டம் நின்றது. சமதளம், வேலை முடிந்தும் போகலாம். ஆனால் நடப்பவர் கூட்டம். மணியடித்தே விரல் வலிக்கும்.

புலாவ் உபின் வேறு ரகம். சாங்கியில் படகுக்கு 12 பேர் சேரும்வரை காத்திருந்து, சைக்கிளையும் தூக்கி ஏற்ற வேண்டும். அப்புறம் கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவின் மேடுகள், கருங்கல் குவாரி ஓரம். மழை பெய்தால் சேறு டயரில் அப்பி, சக்கரமே சுற்றாது. காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் நான் இறங்கி நின்றுவிடுவேன். இருந்தாலும் எனக்கு உபின்தான்; ரயில் பாதை வாரநாளுக்கு.