கித்தா மரத்துக்கு சுவாம்ப் ஆஷ் விலை: கிட்டார் செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்க

கோலாலம்பூரில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யக் கொடுக்க நினைப்பவர்கள், முக்கியமாகக் கச்சேரிக் குழுக்களில் வாசிக்கும் தம்பிகள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சுவாம்ப் ஆஷ் மரம் என்று சொல்லி என்னிடம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிய பட்டறைக்காரர் கையில் கொடுத்தது கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், செய்த கிட்டார். முன்னும் பின்னும் ஆஷ் வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி மறைத்திருக்கிறார்.

நான் சுவாம்ப் ஆஷ் கேட்டது எடை குறைவு என்பதற்காக. கல்யாணம், கோயில் திருவிழா என்று மணிக்கணக்கில் நின்று வாசிக்கிறவனுக்குத் தோளில் தொங்கும் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். அமெரிக்காவின் தென்பகுதியில், வேர் தண்ணீரில் ஊறும் சதுப்பு நிலத்தில் வளரும் ஆஷ் மரத்தின் அடிப்பகுதி அது. வரிகள் எடுப்பாக இருக்கும், எடை குறைவு. 1950களின் ஃபெண்டர் கிட்டார்களால் பேர் வாங்கிய மரம். இப்போது கிடைப்பது கஷ்டம். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்த ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டே வருகிறது. மிசிசிப்பி வெள்ளத்தால் மரம் வெட்டுவதும் தடைப்படுகிறது. ஃபெண்டர் நிறுவனமே 2020இல் வழக்கமான மாடல்களில் இந்த மரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. இதை அவரிடமே கேட்டேன். "எங்கிட்ட பழைய ஸ்டாக் இருக்கு தம்பி, உங்களுக்காகத்தான் எடுக்கிறேன்" என்றார்.

சன்பர்ஸ்ட் வண்ணம் அவர் சொன்ன யோசனை. அந்த வண்ணத்தில் நடுவில் மரவரி தெரியும், ஓரம் முழுக்கக் கறுப்பாக மூடிவிடும். வெனீர் முடியும் இடமும் பசைக்கோடும் அந்தக் கறுப்புக்குள் போய்விடும். கைக்கு வந்த கிட்டார் 4.2 கிலோ கனத்தது. ஏன் இவ்வளவு கனம் என்று கேட்டதற்கு, "பிரிட்ஜ் நல்ல கனமான சாமான், அதான்" என்று தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகத்தைக் காட்டிப் பதில்.

சில மாதம் கழித்து, தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்று இரைய ஆரம்பித்தது. முன்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றினால், உள்ளே குழியின் மூலையில் கோதுமை மாவு போலப் பொடி குவிந்திருந்தது. மேலே குண்டூசி நுழையும் அளவில் துளைகள். அப்புறம் கழுத்தையும் கழற்றினேன். கழுத்து உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் இல்லை, வெறும் மரம் தெரியும். ஆஷ் மரமாக இருந்தால் ஒவ்வொரு வளையத்திலும் பெரிய நுண்துளைகள் வரிசையாக ஓடும். இங்கே வெளிறிய மரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும். பள்ளத்தின் விளிம்பில் தாள் கனத்துக்கு ஒரு தோல், அதன் அடியில் பசை.

செந்தூலில் நாற்காலி மேசை செய்யும் மாமா ஒருவரிடம் கொண்டுபோனேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கித்தா மரம்பா. மருந்து ஏத்தாம, சூளையில ஒழுங்கா காய வைக்காம அறுத்திருக்கான். பூச்சி வராம என்ன செய்யும்?" என்றார். கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த கையோடு மருந்து ஏற்றிச் சூளையில் காய வைக்காவிட்டால் வண்டு புகும், நீலக்கறை படியும்.

கித்தா மரத்தை நான் மட்டமாகச் சொல்லவில்லை. என் தாத்தா பால் வெட்டிய மரம் அது. ஒழுங்காகப் பதப்படுத்தினால் நல்ல கிட்டார் செய்யலாம், விலையும் பாதிகூட வராது. உள்ளதைச் சொல்லி அந்த விலைக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

போனில் கேட்டபோது அவர் சொன்னது: "சத்தத்துல வித்தியாசம் கேட்டுச்சா? கேக்கலல்ல? அப்புறம் என்ன?" எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிக்கப்பும் தந்தியும் செட்டப்பும்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் நான் காசு கொடுத்தது எடைக்கும் உறுதிக்கும். இரண்டுமே இல்லை. மறுநாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

யாரிடம் செய்யக் கொடுத்தாலும், பெயின்ட் அடிப்பதற்கு முன் நேரில் போய் மரத்தைப் பாருங்கள். முகத்தில் உள்ள வரி பக்கவாட்டிலும் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டுமுனையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் வைக்கச் சொல்லுங்கள். மரத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்காமல் மீதிப் பணம் கொடுக்க வேண்டாம். "வாட்சாப்பில் சொன்னேனே" என்று பிறகு நழுவுவார்கள். சன்பர்ஸ்ட்தான் வேண்டும் என்றால், வண்ணம் ஏறும் முன் பார்ப்பது இன்னும் அவசியம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை பாக்கி இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. கடந்த ஓரிரு வருடத்தில் "பழைய ஸ்டாக்" சுவாம்ப் ஆஷ் என்று யாராவது வாங்கியிருந்தால், இன்றைக்கே பிக்கார்டைத் திறந்து பாருங்கள். பொடி இருந்தால் கிட்டாரை வீட்டு மரச் சாமான்கள் பக்கத்தில் வைக்காமல் தனியாகப் பையில் கட்டி வையுங்கள், படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.