சறுக்குச் சரிவில் நேராக ஏறுவதா, வண்டிப் பாதையில் சுற்றிப் போவதா?

பனி உருகியதும் பனிச்சறுக்கு மலைகள் பச்சைப் புல்வெளியாகிவிடும். எந்த வழியாக ஏறுகிறோம், எந்த வழியாக இறங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நாள் இனிப்பதும் வதைப்பதும்.

சறுக்குச் சரிவிலேயே நேராக ஏறினால் தூரம் குறைவு. கீழிருந்து பார்க்க எளிதாகத்தான் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். வட அமெரிக்காவில் சரிவு எவ்வளவு கடினம் என்பதைக் குறி போட்டுக் காட்டுவார்கள்: எளிதான பச்சை வட்டச் சரிவுகள் பொதுவாக 25 சதவீதச் சாய்வுக்குள் (100 மீட்டர் தூரத்துக்கு 25 மீட்டர் ஏற்றம்) இருக்கும், நீலச் சதுரம் 40 வரை, கறுப்பு வைரம் அதற்கும் மேல். 40 சதவீதச் சாய்வில் குதிகால் தரையில் படியாது, கெண்டைக்கால் எரியும். மரங்களை வெட்டித்தான் சரிவை அமைக்கிறார்கள், அதனால் நிழலும் கிடையாது. உயர்ந்த புல்லுக்குள் கற்களும், மழைநீரைத் திருப்பக் குறுக்கே வெட்டிய வாய்க்கால்களும் மறைந்து கிடக்கும். உண்ணிகளும் இருக்கலாம், முழுக்கால்சட்டை போடுங்கள்.

வண்டிப் பாதை என்பது, சறுக்குபவர்களைக் கம்பிவடத்தில் மேலே கொண்டுபோகும் லிஃப்டின் கோபுரங்களைப் பராமரிக்கும் வண்டிகளுக்காகப் போட்ட சரளைச் சாலை. வளைந்து வளைந்து போகும். கொஞ்சம் சலிப்புதான், ஆனால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கலாம்.

நேரக் கணக்கு பார்ப்போம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதிப்படி, 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 400 மீட்டர் உயரம் ஏற 10 சதவீதச் சாலையில் 4 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 40 சதவீதச் சரிவில் ஒரு கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் செங்குத்தான புல்லில் நின்று நின்று ஏறும்போது அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இருந்தாலும் ஏற எனக்குச் சரிவுதான் பிடிக்கும். திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தாக்கு இன்னும் விரிந்து கிடக்கும். இறங்க மட்டும் அந்த வழி வேண்டவே வேண்டாம், ஈரப்புல் வழுக்கும். வண்டிப் பாதையில் இறங்குங்கள். கோடையிலும் லிஃப்ட் ஓடினால் இன்னும் நல்லது. பலர் லிஃப்டில் ஏறி நடந்து இறங்குகிறார்கள். அடுத்த இரண்டு நாள் தொடை வலிப்பது அந்த இறக்கத்தால்தான். நடந்து ஏறி, லிஃப்டில் இறங்குங்கள்.

சில மலைகளில் கோடையில் சைக்கிள் தடங்கள் இருக்கும். அவற்றில் ஏறக் கூடாது, வளைவுக்கு அப்பால் வருபவருக்கு உங்களைத் தெரியாது. அப்புறம், பனி உருகிய முதல் சில வாரங்களில் மண் சேறாக இருக்கும், மிதித்தால் புல் பெயர்ந்து சரிவு அரிக்கும். அது காயும் வரை நான் சரிவில் கால் வைப்பதில்லை.