கேம் மாஸ்டரை நம்புவது எப்படி: மறைவான பகடை, வெளிப்படையான பகடை, முன்கூட்டிச் சொல்லும் விளைவு

பெங்களூரின் இந்திராநகர், கோரமங்களா பகுதிகளில் வார இறுதிதோறும் கூடி டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடும் தமிழர்களிடையே ஒரு விவாதம் ஓய்வதில்லை: கதையை நடத்தி, எதிரிகளையும் இயக்கி, தீர்ப்பும் சொல்லும் கேம் மாஸ்டர் தம் பகடையை மறைப்புக்குப் பின்னால் உருட்டலாமா, எல்லோர் கண்முன்னும் உருட்ட வேண்டுமா? பகடையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், ஒருவருடைய தீர்ப்பை மேசையில் உள்ள மற்ற நான்கு பேர் எதை நம்பி ஏற்பது என்பதே இதன் உள்ளிருக்கும் சிக்கல். இந்த இரண்டோடு, உருட்டும் முன்பே விளைவைச் சொல்லிவிடும் மூன்றாவது முறை ஒன்றையும் சேர்த்து ஒப்பிடுகிறேன். என் சாய்வு அந்த மூன்றாவதன் பக்கம்தான்.

மறைவாக உருட்டும் வழக்கம் பழையது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி, போர் விளையாட்டுகளின் நடுவர் மரபிலிருந்து வந்தது. அங்கே நடுவரின் சொல்லே முடிவு. மறைப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் கருணை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதல் நிலையில் உள்ள ஒரு மந்திரவாதிக்கு 8 உயிர்ப்புள்ளிகள் இருக்கின்றன என்று கொள்வோம். எதிரியாக வரும் காப்ளின் என்ற சாதாரணச் சிறு பூதத்தின் தாக்குதலில் இருபதுமுகப் பகடையில் 20 விழுந்தால், இரண்டு ஆறுமுகப் பகடைகளோடு 2 சேர்ந்து சராசரியாக 9 புள்ளிச் சேதம் வரும். ஒரு தாக்குதலில் 20 விழும் வாய்ப்பு 5 சதவீதம்; அது விழுந்தால், முதன்முறையாக ஆட வந்தவரின் பாத்திரம் முதல் சுற்றிலேயே சுருண்டு விழலாம். அந்த 20ஐ 12 என்று சொல்லிக் காப்பாற்றும் கேம் மாஸ்டரை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அது ஒருமுறை தெரிந்துவிட்டால், தாங்கள் முன்பு பெற்ற வெற்றிகளும் இப்படித்தான் தரப்பட்டனவோ என்று ஆட்டக்காரர்கள் எண்ணத் தொடங்குவார்கள். அந்த எண்ணத்தைப் போக்குவது கடினம்.

முடிவை மறைப்பது வேறு, முடிவை மாற்றுவது வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின், 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில் சில சோதனைகளைக் கேம் மாஸ்டர் இரகசியமாக உருட்ட வேண்டும் என்பதே விதி. ஒரு பாத்திரத்தின் நினைவில் இருப்பது உண்மையா பொய்யா என்பது ஆட்டக்காரருக்குத் தெரியாமல் இருப்பது அங்கே ஆட்டத்தின் சுவை; எல்லோரும் அறிந்த விதிக்கு உட்பட்டது என்பதால் அதில் ஏமாற்று இல்லை.

வெளிப்படையாக உருட்டுவது இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது என்பார்கள். பாதிதான் தீர்க்கிறது. மதில் ஏற முயலும் பாத்திரத்துக்கு, இருபதுமுகப் பகடையில் விழும் எண்ணோடு சேர்க்க 5 கூடுதல் புள்ளி இருந்து, தேவையான எண் 15 என்றால் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். 18 என்றால் 40 சதவீதம். பகடை மேசை நடுவில் கிடந்தாலும், அந்த இலக்கு எண் கேம் மாஸ்டரின் மனத்தில் இருக்கிறது. மொத்தம் 16 வந்தபின் “போதாது, 18 வேண்டும்” என்று சொன்னால், அது முன்பே முடிவானதா அப்போது தோன்றியதா என்பதை யார் அறிவார்? எத்தனை எதிரிகள் கதவுக்கு அப்பால் காத்திருந்தார்கள் என்பதும் அவ்வாறே.

மூன்றாவது முறையை ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) என்ற ஆட்டம் தெளிவாகக் காட்டுகிறது. ஆட்டக்காரர் தம் செயலைச் சொன்னதும், உருட்டுவதற்கு முன்பே, நிலைமை எவ்வளவு ஆபத்தானது, வென்றால் எவ்வளவு பலன் கிட்டும் என்பதைக் கேம் மாஸ்டர் அறிவித்துவிட வேண்டும். “காவலர் மூன்று பேர் முழித்திருக்கிறார்கள், ரொம்ப ஆபத்து, பலனும் குறைவுதான்” என்று அவர் சொன்னால், “அப்ப மொதல்ல விளக்கை அணைச்சிடறேன்ணா, இப்ப எப்படி?” என்று ஆட்டக்காரர் கேட்கலாம். எதிரிகளுக்கென்று கேம் மாஸ்டர் பகடை உருட்டுவதே இல்லை. தீய விளைவு வந்த பின்னும் அதை எதிர்க்கும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு: இதற்கென ஆறுமுகப் பகடைகளை உருட்டி, அவற்றில் வந்த உயர்ந்த எண்ணை 6இலிருந்து கழித்து, மீதியை மன அழுத்தமாக ஏற்றால் விளைவு குறையும் அல்லது நீங்கும். அழுத்தக் கட்டங்கள் 9 மட்டுமே என்பதால் இந்த உரிமையை யாரும் வாரி இறைப்பதில்லை.

நம்மவர்கள் கூடும் மேசைகளுக்கு இது பொருந்துவதற்குத் தனிக் காரணங்கள் உள்ளன. கேம் மாஸ்டர் பெரும்பாலும் குழுவில் மூத்தவர். எல்லோருக்கும் அண்ணன் அல்லது அக்கா. கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்கு வந்த இளையவர் ஒருவர் “நீங்கள் எண்ணை மாற்றிவிட்டீர்கள்” என்று அவரிடம் சொல்ல வாய் வராது. கேள்வி கேட்பதையே விதி ஆட்டத்தின் ஒரு படியாக்கும்போது, மரியாதை குறையாமலே மறுப்புச் சொல்ல முடிகிறது. மேலும், கம்பெனி மாறுவதும் வீடு மாறுவதுமாக இருக்கும் இந்த நகரத்தில் குழுக்கள் அடிக்கடி கலைகின்றன. ஆண்டுக்கணக்கில் பழகி வளர வேண்டிய நம்பிக்கைக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு உருட்டலுக்கும் முன் பேச்சு நீள்கிறது. திகிலை விரும்பும் குழுவுக்கு, வரப்போவதை முன்பே சொல்வது சுவையைக் குறைக்கும். கேம் மாஸ்டரே இல்லாத ஃபியாஸ்கோ (2009) போன்ற ஆட்டங்கள் இந்தச் சிக்கலைத் தொடாமல் விலகிச் செல்வதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு, மனத்தைப் புண்படுத்தும் காட்சியை நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு. மூன்று முறைகளிலும் அது மேசைமீது இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத்தான் ஆடுவோம் என்பவர்களும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். இலக்கு எண்ணையும் தோற்றால் என்னவாகும் என்பதையும் உருட்டும் முன் உரக்கச் சொல்லிவிட்டு, பகடையை நடுவில் உருட்டுங்கள். இரகசியச் சோதனைகளுக்கும் எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளுக்கும் மட்டும் மறைப்பை வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவே அவற்றை மாற்றுவதில்லை என்று முதல் நாளே குழுவிடம் சொல்லிவிடுங்கள்.