அஷ்யூரா, என்ஷ்யூரா, மேக் ஷ்யூரா: கோயில் கடிதத்தில் எது நிற்கும்?

டர்பனில் கோயில் குழுவில் இருப்பவருக்குத் தேவாரமும் தேங்காயும் மட்டும் வேலையில்லை; ஆங்கிலக் கடிதமும் தலையில் விழும். ஈஸ்டர் விடுமுறையில் பூமிதி என்றால் நகராட்சி, தீயணைப்புத் துறை, பக்கத்துத் தெருக்காரர்கள் என்று எல்லோருக்கும் எழுத வேண்டும். இந்த ஆண்டு அந்த வேலை எனக்கு. அஷ்யூர் (assure), என்ஷ்யூர் (ensure), இன்ஷ்யூர் (insure), மேக் ஷ்யூர் (make sure) என்ற நான்கு ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே போடுவது என்று குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. நான் என்ஷ்யூர் பக்கம்.

இன்ஷ்யூர் பற்றி அதிகம் பேச வேண்டாம். பிரீமியம் கட்டும் இடத்தில் அது, மற்ற இடத்தில் வேண்டாம். அமெரிக்கர்கள் அதையே என்ஷ்யூர் என்ற பொருளிலும் எழுதுவதுண்டு. 1787இல் எழுதிய அவர்கள் அரசமைப்பின் முகவுரையிலேயே அப்படி இருக்கிறது. நம் ஊரில் படிப்பவருக்குக் காப்பீடுதான் நினைவுக்கு வரும். ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி அஷ்யூரன்ஸ் என்று எழுதுவதும் உண்டு. 1845இல் கேப் டவுனில் தொடங்கிய ஓல்ட் மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் பெயரிலேயே லைஃப் அஷ்யூரன்ஸ் இருந்தது. மரணம் வந்தே தீரும், விபத்து வராமலும் போகலாம் என்பதுதான் அந்த வேறுபாட்டுக்குச் சொல்லும் காரணம்.

உண்மையான போட்டி அஷ்யூருக்கும் என்ஷ்யூருக்கும். இதில் நான் ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: அந்த வாக்கியம் நம்மை எதற்குக் கட்டுகிறது? அஷ்யூருக்கு ஓர் ஆள் வேண்டும். யாரோ ஒருவருக்கு மனநிம்மதி கொடுக்கிற சொல் அது. என்ஷ்யூருக்கு ஆள் வேண்டாம், விளைவு வேண்டும்; ஒன்று நடக்கும்படி பார்த்துக்கொள்கிற சொல் அது.

“வீ அஷ்யூர் யூ தட் தி பிட் வில் பி சேஃப்” என்று முதல் வரைவில் ஒருவர் எழுதியிருந்தார். படிக்க இதமாக இருக்கிறது, ஆனால் குழி எப்படிப் பாதுகாப்பாக இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. அதை மாற்றி, “வீ வில் என்ஷ்யூர் தட் நோ சைல்ட் கிராசஸ் தி ரோப்” என்று எழுதினேன். உடனே தலைவர் கேட்டார்: “சரி, கயிற்றுப் பக்கம் யார் நிற்கப் போறது?” அங்கேயே இளைஞர் அணியில் இரண்டு பேரைப் போட்டோம். தண்ணீர்க் குழாய், முதலுதவி மேசை என்று ஒவ்வொரு வரிக்கும் அப்படியே ஒரு பொறுப்பாளர் வந்தார். அஷ்யூர் இருந்த வரைவில் இந்தக் கேள்வியே எழவில்லை.

மேக் ஷ்யூருக்கும் என்ஷ்யூரின் பொருள்தான், பேச்சுநடை மட்டும் வேறு. தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் “மேக் ஷ்யூர் தி ஹோஸ் இஸ் கனெக்டட்” என்றால் ஆள் ஓடிப் போய்ப் பார்ப்பார். அங்கே என்ஷ்யூர் சர்க்குலர் மாதிரி விறைப்பாக இருக்கும். அதிகாரிக்குப் போகும் தாளில் மேக் ஷ்யூர் தப்பில்லை, கொஞ்சம் தளர்வாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஷ்யூர்லி (surely) என்ற சொல்லைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். “ஷ்யூர்லி யூ ஹேவ் ரிசீவ்ட் அவர் லெட்டர்” என்பதில் உறுதியைவிடச் சந்தேகமும் லேசான குத்தலும்தான் அதிகம்.

ஒப்பந்தம், வாடகைப் பத்திரம் போன்றவற்றில் என்ஷ்யூர் என்று எழுதுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். விளைவுக்கே பொறுப்பேற்கிற சொல் அங்கே எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு.

பக்கத்துத் தெருக்காரர்களுக்கு எழுதியதில் மட்டும் அஷ்யூரை விட்டுவைத்தேன். புகையும் மேளமும் நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு முதலில் ஆறுதல் வேண்டும். அதற்கு அடுத்த வரியிலேயே மேளம் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை என்ஷ்யூர் போட்டு எழுதினேன், கீழே அதைப் பார்த்துக்கொள்பவரின் தொலைபேசி எண்ணோடு.