சோளகக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் எடுப்பவர்களுக்கு

ஆடி, ஆவணி விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சைக்கிள் ஓட நினைப்பவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் தொல்லையில்லை, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுதான் தொல்லை. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனால் காற்று முகத்தில் அடிக்கும். அதனால் வாடகைக் கடையில் பெல்லையும் சீற்றையும் பார்க்கமுன், ஒரு முழு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு சுற்றுச் சுற்ற, வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

கடைகளில் கிடைப்பது 28 அங்குலச் சில்லுள்ள பழைய மொடலும் 26 அங்குல மவுண்டன் சைக்கிளும். வெளிநாட்டிலிருந்து சிலர் 20 அங்குல மடக்குச் சைக்கிளும் கொண்டுபோகிறார்கள். இவற்றின் முன், பின் பற்சக்கரங்களின் பல்லுக்கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பிழைக்கும். முன்பல்லைப் பின்பல்லால் பிரித்து, பின்சில்லின் சுற்றளவால் பெருக்க வேண்டும்.

28க்குச் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீற்றர், 26க்கு 2.05, 20க்கு 1.55. ஆகவே 28இல் 44க்கு 18 (முன்பல் 44, பின்பல் 18), 26இல் 42க்கு 16, 20இல் 52க்கு 15 எல்லாம் ஒன்றுதான்: மிதிக்கு 5.4 மீற்றர். 52 பல்லைக் கண்டு "மிதிக்க மிகவும் பாரம்" என்பார்கள். சின்னச் சில்லுக்கு அது சாதாரணம்.

நிமிடத்துக்கு 60 மிதி என்றால் 5.4 மீற்றர் மணிக்கு 19 கிலோமீற்றர் தரும். காற்றில்லாத காலையில் அது போதும். சோளகத்துக்கு எதிரே 4.4 மீற்றர் அளவில்தான் முழங்கால் தாங்கும்: 26இல் 34க்கு 16, 20இல் 52க்கு 18.

பல்லை எண்ணப் பஞ்சியா? சைக்கிளைப் பின்னுக்கு உருட்டுங்கள். பெடலும் பின்னுக்குச் சுற்றும். அது ஒரு சுற்று முடிக்கும்வரை வண்டி நகர்ந்த தூரத்தை நாடாவால் அளந்தால் விடை கையில். முன்னுக்கு உருட்டினால் பிரீவீல் (பின்பற்சக்கரம்) வெறுமனே ஓடும், பெடல் அசையாது.

ஒற்றைக் கியர் 28ஐ மாதக்கணக்கில் வைத்திருப்பதென்றால், காற்றுக்கு எதிரே இலகுவாக மிதிக்க, 18 பல்லுப் பிரீவீலைக் கழற்றி 22 போடச் சொல்லலாம். 4 பல் கூடினால் பின் அச்சு அரை அங்குலம் முன்னுக்கு வரவேண்டும். இடமில்லையென்றால் செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும். தேய்ந்த முன்பல்லில் புதுச் செயின் ஏறி வழுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கியர்ச் செயின் 1/8 அங்குலம், கியர் சைக்கிளுக்கு 3/32. மாறிப் போட்டால் கியர் ஒழுங்காக விழாது.

ரயரில் அங்குலத்தை நம்பவேண்டாம், பக்கத்தில் உள்ள, றிம்மின் விட்டத்தைக் காட்டும் மில்லிமீற்றர் எண்ணைப் பாருங்கள். பழைய 28 என்பது 635. வெளிநாட்டு 28 என்பது 622, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 20இல் 406 என்றால் பிள்ளைகளின் சைக்கிள் ரயரே பொருந்தும். 451 என்றாலோ, 16 அங்குலத்தில் 349 என்றாலோ ரயரும் ரியூபும் கையோடு கொண்டுபோங்கள்.