வான் கோவின் கோதுமை வயல்: ஜூலைப் படமா, செப்டம்பர்ப் படமா?

வின்சென்ட் வான் கோ வரைந்த ‘சைப்ரஸ் மரங்களுடன் கோதுமை வயல்’ என்னும் ஓவியத்தின் அச்சுப்படியை வாங்க நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தக் காட்சியை அவர் எண்ணெய் வண்ணத்தில் மூன்று முறை தீட்டியிருக்கிறார் என்பதைத்தான். தாயாருக்கும் தங்கைக்குமாகச் செய்த சிறிய படி தனியாரிடம் இருப்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். மற்ற இரண்டில், 1889 கோடையில் வரைந்த ஜூலைப் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் வரைந்தது லண்டனின் தேசிய ஓவியக்கூடத்திலும் உள்ளன. நான் வாங்கி மாட்டியிருப்பது லண்டன் படத்தின் அச்சு. மூல ஓவியம் என்ற வகையில் நியூயார்க் படமே உயர்ந்தது என்று கருதுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அச்சு என்று வரும்போது கணக்கு மாறுகிறது என்பதே என் வாதம்.

காட்சியமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் முன்னால் விளைந்த கோதுமை, வலப்புறம் கரும்பச்சை சைப்ரஸ், நடுவே ஒலிவ மரங்கள், பின்னால் தென் பிரான்சின் ஆல்பீய் குன்றுகள், மேலே சுருண்டு செல்லும் மேகங்கள். அளவும் ஏறத்தாழ ஒன்றே: நியூயார்க் படம் 73.2 × 93.4 செ.மீ., லண்டன் படம் 72.1 × 90.9 செ.மீ.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது வண்ணப்பூச்சின் தடிமன். அந்தக் குன்றுகளுக்கு அருகிலுள்ள சேன்-ரெமி என்ற ஊரின் மனநலக் காப்பகத்தில் 1889 மே மாதம் சேர்ந்த வான் கோ, முதல் படத்தை வெயிலில், வயலைப் பார்த்தபடியே தீட்டினார். ஜூலைத் தொடக்கத்தில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், அப்போது வரைந்துகொண்டிருந்த சைப்ரஸ் படம் ஒன்றில் மார்செய் ஓவியர் மோன்டிசெல்லியின் படங்களைப் போல வண்ணத்தை அடர்த்தியாக அப்பியிருப்பதாகச் சொல்கிறார். நியூயார்க் படத்தின் மேகங்களிலும் கதிர்களிலும் அதே அடர்த்தியைப் பார்க்கலாம். ஜூலை நடுவில் நோய் மீண்டும் தாக்கிப் பல வாரங்கள் வேலை நின்றது. அதன்பிறகு, முதல் படத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு அறைக்குள் வரைந்ததுதான் லண்டன் படம். அதில் பூச்சு மெல்லியது, கோடுகள் நிதானமானவை, வடிவங்கள் ஓர் ஒழுங்குக்குள் வந்தவை. உணர்ச்சி ஒரு படி குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு.

ஆனால் அச்சுக்கு வருவது வண்ணப்பூச்சு அல்ல, அதன் புகைப்படம். தடித்த பூச்சின் மேடு ஒவ்வொன்றும், படம் பிடித்தபோது எந்தப் பக்கத்திலிருந்து விளக்கு எரிந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சிறு நிழலை வீழ்த்தும். மூலத்தின் முன் நாம் நகர்ந்தால் அந்த நிழலும் மினுமினுப்பும் நம்மோடு நகரும். அச்சில் அவை அப்படியே உறைந்துவிடும். அறையின் சன்னல் அந்த விளக்குக்கு எதிர்ப்பக்கம் இருந்தால், வெளிச்சம் ஒரு திசையிலிருந்தும் நிழல் பொருந்தாத இன்னொரு திசையிலும் இருக்க, வெள்ளை மேகங்களில் சாம்பல் அழுக்கு படிந்ததுபோல் தோன்றும். படத்தைச் சிறிதாக்கும்போது இது இன்னும் மோசமாகிறது. நெருங்கிய மேடுகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து, தூரிகை ஓடிய தாளம் மங்கிப்போகிறது. இரண்டு படங்களையும் ஒரே தாளில், 46 செ.மீ. அகலத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது எனக்கு இது சந்தேகமின்றித் தெரிந்தது. லண்டன் படம் தன் அசைவைத் தடிமனைவிடக் கோட்டிலும் நிறத்திலும் அதிகம் வைத்திருப்பதால், தட்டையான தாளுக்கு வரும்போது அது இழப்பது குறைவு.

ஜூலைப் படத்துக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள, காப்புரிமை முடிந்த படைப்புகளின் படக்கோப்புகளை 2017 முதல் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இலவசமாகத் தருகிறது. அதைப் பதிவிறக்கி அருகிலுள்ள டிஜிட்டல் அச்சகத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நான் சொன்ன அகலத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில், கோப்பின் அகலம் சுமார் 3,600 பிக்சல் இருந்தால் போதும். லண்டன் ஓவியக்கூடம் தானே அச்சுகளை விற்கிறது, செலவு கூடுதல்தான்.

எதை வாங்கினாலும் கேன்வாஸ் துணியில் அச்சிடுவதைத் தவிர்க்கவே சொல்வேன். துணியின் நெசவு, படத்திலுள்ள தூரிகைத் தடத்தின் மேல் பொய்யான இன்னொரு தடத்தைப் போடுகிறது. பளபளப்பில்லாத பருத்தித் தாளும் நிறமி மையும் (கரைந்த சாயத்துக்குப் பதில் நிறத்துகள் கொண்ட மை) போதுமானவை. என் படம் நேர்வெயில் படாத சுவரில்தான் இருக்கிறது, வாங்கி வெகுகாலமும் ஆகவில்லை. ஆகவே நிறம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதற்கு என் அனுபவத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

மூலத்தின் அளவிலேயே அச்சிடச் சுவரில் இடமும், புகைப்படத்தில் விழுந்த ஒளியின் திசையிலேயே ஒரு சன்னலும் இருப்பவர் ஜூலைப் படத்தையே எடுக்கலாம். கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேகத்தின் மேடுகளில் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஒளி வந்த திசை.